பாதரச நஞ்சு: ஆலையிலும் வயலிலும் எச்சரிக்கை தேவை

பாதரசம் சாதாரண வெப்பநிலையிலேயே ஆவியாகக் கூடிய உலோகம். அந்த ஆவிக்கு நிறமோ மணமோ கிடையாது. மூச்சுடன் உட்செல்லும் ஆவியில் சுமார் 80 சதவீதம் உடலில் தங்கிவிடும். கைநடுக்கம், ஈறு வீக்கம், மறதி, சிறுநீரகக் கோளாறு ஆகியவை இதன் அறிகுறிகளாம்.

கொடைக்கானல் அனுபவம்

கொடைக்கானலில் 1983ல் தெர்மாமீட்டர் தொழிற்சாலை ஒன்று தொடங்கப்பட்டது. பின்னர் அது இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் வசம் வந்தது. பாதரசம் படிந்த கண்ணாடிக் கழிவு பழைய சாமான் கிடங்கில் குவிந்திருந்தது வெளியானதையடுத்து, 2001 மார்ச்சில் ஆலை மூடப்பட்டது. 2003ல் சுமார் 290 டன் கழிவு அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டது. தங்கள் நோய்களுக்குப் பாதரசமே காரணம் என்றனர் தொழிலாளர்கள். நிறுவனம் அதை ஏற்கவில்லை. 2016ல் முன்னாள் தொழிலாளர் 591 பேர் தொடர்பாக உடன்பாடு ஏற்பட்டது.

ஆலைக்குக் கீழே பாம்பார் சோலை உள்ளது. மலையில் சிந்தும் நஞ்சு மழைநீருடன் கீழே இறங்கும். நீரடிச் சேற்றிலுள்ள நுண்ணுயிர்கள் பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. அது மீனில் சேர்ந்து, உண்பவரின் நரம்புகளைத் தாக்குகிறது. ஜப்பானில் மினமாட்டா என்ற ஊரில் 1956ல் கண்டறியப்பட்ட நோய்க்கு, ஆலைக் கழிவிலிருந்து மீனில் சேர்ந்த மெத்தில் பாதரசமே காரணம்.

விதை நேர்த்தியில்

உருளை விதைக்கிழங்கு, கரும்புக் கரணை ஆகியவற்றின் நேர்த்திக்கு முன்பு பாதரச மருந்துகள் பயன்பட்டன. அவற்றுள் ஒன்றான மெத்தாக்சி எத்தில் மெர்க்குரி குளோரைடை மத்திய அரசு 2018 ஆகஸ்டில் தடை செய்தது. சோடியம் சயனைடும் அதே ஆணையில் இடம் பெற்றது. 

ஈராக்கில் 1971-72ல், மெத்தில் பாதரசம் பூசிய விதைக் கோதுமையை மக்கள் ரொட்டியாகச் சுட்டு உண்டனர். 6,500 பேருக்கு மேல் மருத்துவமனையில் சேர்ந்தனர். அவர்களில் 459 பேர் மாண்டனர். விதையைக் கழுவியபோது சாயம் போயிற்று, நஞ்சு போகவில்லை.

கவனிக்க வேண்டியவை

1. நேர்த்தி செய்த விதையையோ கிழங்கையோ எக்காரணம் கொண்டும் உண்ணலாகாது, கழுவியும் உண்ணலாகாது. கோழிக்கும் மாட்டுக்கும் போடக்கூடாது.

2. பழைய பாதரச மருந்து இருப்பில் இருந்தால் ஓடையில் கொட்டவோ மண்ணில் புதைக்கவோ கூடாது. மூடி பூட்டி வைத்து, வேளாண்மை அல்லது தோட்டக்கலை அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும்.

3. காலி டப்பாக்களில் தானியம், எண்ணெய், குடிநீர் வைத்தல் கூடாது.

4. பயறு விதைகளுக்குக் கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து நேர்த்தி செய்யலாம்.

5. வீட்டில் தெர்மாமீட்டர் உடைந்தால் துடைப்பத்தால் பெருக்கக் கூடாது. குழந்தைகளை வெளியேற்றி, சன்னல்களைத் திறந்து, உருளும் துளிகளைக் கெட்டியான அட்டையால் சேர்த்து, கண்ணாடிப் புட்டியில் நீருக்கடியில் வைத்து இறுக மூட வேண்டும்.

கைநடுக்கமோ பார்வை மங்கலோ தோன்றினால், எந்த மருந்தைக் கையாண்டார் என்பதை மருத்துவரிடம் தவறாமல் கூற வேண்டும். இயன்றால் அதன் உறையையும் எடுத்துச் செல்வது நலம்.