கட்டை போடவும் தெரிந்திருக்க வேண்டும்

அன்புள்ள தம்பிக்கு,

புளியறை வயல்காட்டில் டென்னிஸ் பந்தில் ஆடப் பழகி, இப்போது தையல் பந்தைச் சந்திக்கத் தென்காசிக்கும் திருநெல்வேலிக்கும் பஸ் ஏறும் உன்னைப் போன்ற பேட்ஸ்மேன்களை நினைத்து இதை எழுதுகிறேன். ஓராண்டு இடைவெளியில் இந்தியா சொந்த மண்ணிலேயே இரண்டு டெஸ்ட் தொடர்களில் துடைத்தெறியப்பட்டது. 2024 அக்டோபர், நவம்பரில் நியூசிலாந்து 3-0 என்று வென்றது. அதற்கு முன் பன்னிரண்டு ஆண்டுகளாக, தொடர்ந்து 18 தொடர்களை உள்நாட்டில் வென்று வந்த அணி இது. 2025 நவம்பரில் தென்னாப்பிரிக்கா 2-0 என்று வென்றது. 2000க்குப் பிறகு அவர்கள் இங்கே வெல்லும் முதல் தொடர். இரண்டு முறையும் டீக்கடைப் பேச்சில் ஆளுக்கொரு குற்றவாளி அகப்பட்டார். யாரைத் திட்டலாம் என்பதை ரசிகர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஆடப் போகிற நீ கேட்க வேண்டியது வேறு: அந்த பேட்டிங்கில் எது இல்லாமல் போனது? என் பதில் இது. அடிக்க வேண்டிய பந்தை அடிக்க எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அடிக்கக் கூடாத பந்தை, அதுவும் ஒன்றன் பின் ஒன்றாக நாற்பது ஐம்பது வந்தால், என்ன செய்வது என்பதுதான் தெரியவில்லை. நம் பிள்ளைகள் கேலியாகக் 'கட்டை போடுவது' என்கிறார்களே, அந்த வேலை டெஸ்ட் ஆட்டத்தின் பாதி. அந்தப் பாதி தேய்ந்துபோனதால்தான் இரண்டு தொடர்களும் ஒருதலைப்பட்சமாக முடிந்தன.

முதலில் மற்ற காரணங்களைச் சலித்துப் பார்த்துவிடுவோம். 2024இல் எல்லோரும் கைகாட்டியது மூத்தவர்களை. அதில் நியாயம் இருந்தது: மூன்று டெஸ்டிலும் சேர்த்து ரோஹித் சர்மா 91 ரன், விராட் கோலி 93 ரன். புனேயில் சான்ட்னர் வீசிய ஃபுல் டாஸை நேராகத் தட்டாமல் குறுக்கே சுழற்றி கோலி போல்டான காட்சியே அந்தத் தொடரின் சுருக்கம் என்றும் சொன்னார்கள். சரி, அந்த ஆண்டு டிசம்பரில் அஸ்வின் ஓய்வு பெற்றார். 2025 மே மாதம் ரோஹித்தும் கோலியும் டெஸ்டிலிருந்து விலகினார்கள். அதன் பிறகு இளைஞர்கள் நிறைந்த அணி குவஹாத்தியில் தென்னாப்பிரிக்காவிடம் 408 ரன் வித்தியாசத்தில் தோற்றது. ரன் கணக்கில் இந்தியாவின் டெஸ்ட் வரலாற்றிலேயே ஆகப் பெரிய தோல்வி அது. ஆள் மாறியும் நோய் மாறவில்லை என்றால் நோய் ஆளிடம் மட்டும் இல்லை. பந்துவீச்சையும் குறை சொல்ல முடியாது. புனேயில் வாஷிங்டன் சுந்தர் 11 விக்கெட், மும்பையில் ஜடேஜா 10 விக்கெட், கொல்கத்தாவில் முதல் நாளே பும்ரா 27 ரன்னுக்கு 5 விக்கெட். மும்பையில் வெற்றிக்குத் தேவை 147, கொல்கத்தாவில் 124. பந்துவீச்சாளர்கள் எட்டும் தூரத்தில் வைத்துக் கொடுத்ததை பேட்ஸ்மேன்கள் எட்டவில்லை.

டாஸும் பிட்ச்சும் அடுத்த சாக்கு. நியூசிலாந்துக்கு எதிராகப் பெங்களூருவில் டாஸை வென்றது நாம்தான். மேகமூட்டத்தில், முந்தைய நாள் முழுக்க மழையால் மூடிக் கிடந்த ஆடுகளத்தில் பேட்டிங்கைத் தேர்ந்தெடுத்து 46 ரன்னுக்குச் சுருண்டோம். ஐந்து பேர் ரன்னே எடுக்கவில்லை. அங்கே பந்து சுழலவில்லை, ஸ்விங் ஆனது, எகிறியது. கொல்கத்தாவில் பந்து தாறுமாறாகத் திரும்பியது உண்மை. ஆனால் அணி கேட்டு வாங்கிய ஆடுகளம் அது என்று பயிற்சியாளர் கம்பீரே ஒப்புக்கொண்டார். அதே ஆடுகளத்தில் தென்னாப்பிரிக்க கேப்டன் தெம்பா பவுமா 136 பந்து நின்று ஆட்டமிழக்காமல் 55 எடுத்தார். அந்த டெஸ்டில் அடிக்கப்பட்ட ஒரே அரைசதம் அதுதான். நாம் 93க்கு ஆட்டமிழந்து 30 ரன்னில் தோற்றோம். கழுத்துப் பிடிப்பால் கில் இறங்க முடியாமல் போனதைக் கணக்கில் எடுத்தாலும் பவுமாவின் இன்னிங்ஸ் நம்மைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கிறது. குவஹாத்தியில் பிட்ச்சைப் பற்றிப் பேசவே இடமில்லை. தென்னாப்பிரிக்கா அங்கே 489 அடித்தது. டர்பனில் பிறந்த தமிழ் வம்சாவளிக்காரர் செனுரன் முத்துசாமி ஏழாவதாக இறங்கி 206 பந்தில் 109 எடுத்தார். பிற்பாடு வந்து சேர்ந்த யான்சன் 91 பந்தில் 93. ஒருவர் நின்றார், மற்றவர் அடித்தார். ஒரே ஆடுகளம், இரண்டு வேகம். நம்மிடம் இல்லாமல்போனது இந்தப் பங்கீடு.

இப்போது சரிவுகளைச் சற்றுக் கிட்டே போய்ப் பார். மும்பையில் 147ஐத் துரத்தும்போது ரோஹித் ஹென்றியின் பந்தைப் புல் செய்யப் போய்க் கேட்ச் கொடுத்தார். கில் அஜாஸ் படேலின் பந்தை, வெளியே போகும் என்று நம்பி, மட்டையைத் தூக்கி விட்டுவிட்டார். அது ஸ்டம்பில் போய் விழுந்தது. சர்ஃபராஸ் வந்த வேகத்தில் ஃபுல் டாஸை ஸ்வீப் செய்து கேட்ச் கொடுத்தார். 29க்கு 5 விக்கெட். குவஹாத்தியில் 1 விக்கெட்டுக்கு 95 என்று இருந்த ஸ்கோர் 7 விக்கெட்டுக்கு 122 ஆனது. ஜுரெல் ரன் எடுக்கும் முன்பே புல் ஷாட்டில் போனார். கேப்டன் பந்த் வேகப்பந்து வீச்சாளர் யான்சனை நோக்கி இறங்கி வந்து சுழற்றி, விக்கெட் கீப்பரிடம் கேட்ச் கொடுத்தார். இதற்குப் பிறகு நடந்ததுதான் உனக்கான பாடம். வாஷிங்டனும் குல்தீப் யாதவும் எட்டாவது விக்கெட்டுக்கு 72 ரன் சேர்த்தார்கள். குல்தீப் எடுத்தது வெறும் 19 ரன்; ஆனால் சந்தித்தது 134 பந்து. அந்த இன்னிங்ஸில் அணியிலேயே அதிகப் பந்தைச் சந்தித்தவர் ஒரு பந்துவீச்சாளர்! அதே பிட்ச், அதே யான்சன், அதே பவுன்சர். குல்தீப்பிடம் பெரிய ஷாட்டுகள் இல்லை. அதனாலேயே அந்த ஆசையும் அவருக்கு வரவில்லை. ஷாட்டுகள் நிறைய வைத்திருந்தவர்கள் அவற்றாலேயே வெளியேறினார்கள்.

இதற்கு நீ மறுப்பு சொல்வாய் என்று தெரியும். 'அண்ணே, அடித்து ஆடித்தானே இந்த அணி ஜெயித்தது?' என்பாய். உண்மை. நியூசிலாந்துத் தொடருக்குச் சில வாரம் முன்பு கான்பூரில் இரண்டு நாளுக்கு மேல் மழையில் போன பிறகும், ஓவருக்கு எட்டு ரன்னுக்கு மேல் விளாசி 9 விக்கெட்டுக்கு 285 எடுத்து டிக்ளேர் செய்து வங்கதேசத்தை வென்றார்கள். மும்பையில் மற்றவர்கள் சரிந்தபோது பந்த் அடித்து 64 எடுத்தார். அவருக்கு அடுத்த அதிக ஸ்கோர் 12தான். புனேயில் ஜெய்ஸ்வால் வேகமாக 77 எடுத்தார். ஆகவே அடிப்பது குற்றம் என்று நான் சொல்லவில்லை. ஒரே வேகத்தில் மட்டும் ஆடத் தெரிவதுதான் குற்றம். கான்பூரில் நேரம் போதாது என்பதால் அடிப்பது சரி. குவஹாத்தியில் மூன்றாம் நாள், எதிரணி 489 எடுத்திருக்கும்போது, நேரம்தான் நம்மிடம் மிச்சமிருந்த ஒரே செல்வம். மும்பையில் பந்த்தைக் காப்பாற்றிய அதே துணிச்சல் குவஹாத்தியில் அவரை 7 ரன்னில் அனுப்பியது. ஷாட் மாறவில்லை, சூழ்நிலை மாறியிருந்தது. குற்றாலத்தில் வெள்ளம் கொட்டும்போது குளிக்கத் தடை போடுவார்கள். ஊர்க்காரன் முறைத்துக்கொண்டு இறங்கவும் மாட்டான், திரும்பி வீட்டுக்குப் போகவும் மாட்டான். தணியும் வரை ஓரமாக நிற்பான். ஒரு நல்ல ஸ்பெல் உன்மேல் கொட்டும்போது உனக்கு வேண்டியது அந்தப் புத்தி.

அடுத்த மறுப்பு இன்னும் வலுவானது. 2025 ஜூலையில் மான்செஸ்டரில் இதே அணிதானே இரண்டாவது இன்னிங்ஸில் 143 ஓவர் நின்று டிரா செய்தது? ரன் கணக்கைத் திறக்கும் முன்பே இரண்டு விக்கெட் போயும், கில்லும் ராகுலும் நின்றார்கள். பிறகு ஜடேஜா 107, வாஷிங்டன் 101, இருவரும் ஆட்டமிழக்கவில்லை. ஆட்டத்தை முடித்துக்கொள்ளலாம் என்று இங்கிலாந்து கேப்டன் ஸ்டோக்ஸ் கை நீட்டியபோதும் மறுத்துவிட்டு ஆடினார்கள். அப்படியிருக்க, நிற்கத் தெரியாத அணி என்று எப்படிச் சொல்வது? இந்த மறுப்பு என் வாதத்தைத் திருத்துகிறது, உடைக்கவில்லை. மனவுறுதி இருக்கிறது என்று அது காட்டுகிறது. பந்து அதிகம் திரும்பாத இடத்தில் அந்த உறுதிக்குத் துணையாக நுட்பமும் இருந்தது. பந்து திரும்பும்போது, அல்லது நெஞ்சுக்கு எகிறும்போது, நுட்பம் கைவிட்டதும் உறுதி தனியாக நிற்கவில்லை; 'எப்படியும் அவுட் ஆகப் போகிறோம், அதற்கு முன் அடித்துவிடுவோம்' என்ற கணக்கு வந்துவிட்டது. கட்டை போடுவது பொறுமை மட்டும் அல்ல, கைத்தொழில். சுழலுக்கு எதிராக ஒன்று பந்து விழும் இடம்வரை முழுதாக முன்னே போக வேண்டும், இல்லை முழுதாகப் பின்னே போய் அது திரும்பி முடிவதைப் பார்த்து ஆட வேண்டும். நடுவில் நிற்பவனுக்கே பந்து கால்காப்பிலோ மட்டையின் விளிம்பிலோ படுகிறது. கை இறுகியிருந்தால் விளிம்பில் பட்ட பந்து ஸ்லிப்புக்குப் பறக்கும். தளர்ந்திருந்தால் காலடியிலேயே விழும்.

தேய்மானம் ஒரே நாளில் வரவில்லை என்பதையும் கவனி. 2024 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் வங்கதேசத்துக்கு எதிராக 6 விக்கெட்டுக்கு 144 என்று தடுமாறினோம். அஸ்வின் 113, ஜடேஜா 86. இருவரும் 199 ரன் சேர்த்துக் காப்பாற்றினார்கள். வென்றதால் அந்த 144ஐ யாரும் பேசவில்லை. நியூசிலாந்து அதே செப்டம்பரில் காலியில் இலங்கையிடம் 88 ரன்னுக்குச் சுருண்டு, இன்னிங்ஸ் தோல்வியோடு தொடரை 0-2 என்று இழந்திருந்தது. சௌதி கேப்டன் பதவியை விட்டார், லேதம் ஏற்றார், வில்லியம்சன் காயத்தால் வரவேயில்லை. அவர் இடத்தில் ஆடிய வில் யங் மும்பையின் சுழலில் 71, 51 எடுத்துத் தொடர் நாயகன் ஆனார். தோற்றவர்களுக்குத் தங்கள் ஓட்டை எங்கே என்று தெரிந்திருந்தது, வென்றுகொண்டிருந்தவர்களுக்குத் தெரியவில்லை. உன் ஸ்கோர் நன்றாக இருக்கும் நாளில்தான் நீ எப்படித் தப்பித்தாய் என்று பார்க்க வேண்டும்.

கடைசி மறுப்பு உன் வயிற்றைப் பற்றியது. 'டிஎன்பிஎல், ஐபிஎல் என்று போனால்தான் பிழைப்பு. டெஸ்ட் ஆட்டம் எனக்கு எதற்கு?' இதை இழிவாகப் பேச எனக்கு உரிமை இல்லை. சங்கர் நகர் மைதானத்தில் டிஎன்பிஎல் நடப்பதை அருகிருந்து பார்க்கும் பையனுக்கு அந்த வழிதான் கண்ணுக்குத் தெரியும். சின்னப்பம்பட்டி நடராஜன் டென்னிஸ் பந்திலிருந்து அந்த வழியாகவே இந்திய அணிக்குப் போனார். ஆனால் வாஷிங்டனைப் பார். டிஎன்பிஎல்லில் தூத்துக்குடி அணிக்காக அடித்து ஆடியவர்தான். கொல்கத்தாவின் அந்தப் பிட்ச்சில் மூன்றாவதாக இறங்கி இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 174 பந்து நின்றார். இரண்டு வேகம் தெரிந்தவனுக்குக் கதவுகளும் இரண்டு. இருபது ஓவர் ஆட்டத்திலும் சுழல் பந்து திரும்பும் நாள் வரும். அன்று ஐந்து பந்தைத் தாங்கத் தெரியாதவனின் சிக்ஸர் யாருக்கும் பயன்படாது.

நிற்பதால் எல்லாம் கைகூடும் என்று உன்னை ஏமாற்ற மாட்டேன். குல்தீப்பின் 134 பந்து குவஹாத்தியைக் காப்பாற்றவில்லை. இரண்டாவது இன்னிங்ஸில் சாய் சுதர்சன் 139 பந்தில் 14 எடுத்தார். மறுமுனையில் நீண்ட நேரம் நிற்கப் போதிய ஆள் இல்லாமல் அணி 140க்கு முடிந்தது. தனியாக ஒருவன் நிற்பது தோல்வியைத் தள்ளிப்போடும், அவ்வளவே. அதனால் இது பதினோரு பேருக்கும் வேண்டிய பழக்கம், சின்ன வயதிலேயே வர வேண்டியது. புளியறையில் இருந்துகொண்டு இதைப் பழகப் பணம் தேவையில்லை. நைந்துபோன மேட்டை விரித்து, சுழல் வீசுபவனைக் கூப்பிட்டு, மட்டையைச் சுற்றி நான்கு பேரை நிறுத்து. அரை மணி நேரம் ரன் கணக்கு வேண்டாம். யாருக்கும் கேட்ச் போகாமல் எத்தனை பந்து என்பதே கணக்கு. சாரல் மாதங்களில் மைதானம் ஈரமாகி ஆட முடியாதபோது, சிமெண்ட் தரையில் டென்னிஸ் பந்தை நனைத்து வீசச் சொல். அது சறுக்கிக்கொண்டு வேகமாக வரும், எகிறும் பந்தை விடவும் குனியவும் கண் பழகும். எட்டு ஓவர் போட்டிகளுக்கு நடுவே, நாள் முழுக்க ஆடும் ஆட்டம் எங்கே கிடைத்தாலும் அதைத் தவறவிடாதே. கட்டை போடுகிறான் என்று கரையிலிருந்து கத்துவார்கள். கத்தட்டும், பவுமாவுக்கு எதிராகவும் கொல்கத்தா ஈடன் கார்டன்ஸில் ஆயிரக்கணக்கானோர் கத்தினார்கள். ஆட்டம் முடிந்ததும் ஸ்கோர் நோட்டை வாங்கி, உன் ரன்னுக்குப் பக்கத்தில் எத்தனை பந்து ஆடினாய் என்று எண்ணிக் குறித்து வை. ஒரு சீசன் முழுக்க இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், எங்கே வேலை செய்ய வேண்டும் என்பதை என்னைவிட அந்த நோட்டு உனக்குத் தெளிவாகச் சொல்லும்.

அன்புடன்,
உன் அண்ணன்