புதினமும் படிப்போர் கருத்தும்

பண்டைக்காலத்தில் நூலொன்று இயற்றப்பெற்றால், அதனை அறிஞர் அவையில் படித்து அரங்கேற்றுதல் தமிழ்நாட்டு வழக்கம். அவையினர் தடை நிகழ்த்துவர். நூலாசிரியர் விடை கூறுவர். அதன் பின்னரே ஏடு பெயர்த்தெழுதப்பெற்று ஊர்தோறும் செல்லும். காரைக்காலுக்குத் தெற்கே திருமலைராயன்பட்டினம் என்னும் ஊர் உள்ளது. அங்கே காளமேகப்புலவர் அதிமதுரகவியோடும் அவர் கூட்டத்தாரோடும் வாதிட்டு வென்றார் என்பது வழிவழியாகக் கூறப்படும் செய்தி. அவ்வூரை அடுத்த போலகத்துச் சிறுவர்க்கும் அது கேட்டுப் பழகிய கதையே. அச்சுப்பொறி வந்தபின் இந்நிலை மாறிற்று. புதினத்துக்கு அரங்கேற்றம் இல்லை. அது நேரே படிப்போர் கைக்கு வந்துவிடுகிறது. ஆகவே தடை நிகழ்த்தும் பொறுப்பும், அதற்கு விடை தேடும் பொறுப்பும் படிப்போர்க்கே உரியன ஆயின.

தமிழில் முதன்முதல் தோன்றிய புதினம் 'பிரதாப முதலியார் சரித்திரம்' என்பர். அது 1879ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன் ஆசிரியர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889), காரைக்காலுக்கு வடக்கே கடலோரத்தில் உள்ள தரங்கம்பாடியிலும், சீகாழியிலும், மாயூரத்திலும் முன்சீப்பாக வீற்றிருந்து நீதி வழங்கியவர். 'பொன்னியின் செல்வன்' எழுதிய கல்கியோ (1899–1954) மாயூரத்தை அடுத்த புத்தமங்கலத்திற் பிறந்தவர். 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் தொடர்ந்து வெளிவந்த அப்புதினத்தின் முதன்மையான நிகழ்ச்சிகள் சில, போலகத்துக்குத் தெற்கே சிறிது தொலைவில் உள்ள நாகப்பட்டினத்தில் நிகழ்வனவாக அமைந்துள்ளன. எனவே இவ்விரு நூல்களும் போலகத்து மாணவர்க்கு அயலார் கதைகள் அல்ல; தம் மண்ணில் விளைந்தவை.

இவற்றைப் படித்த மாணவர் சிலர் ஒரு மாலைப்பொழுதில் ஒருங்கு கூடித் தம் கருத்துகளை எடுத்துரைக்கின்றனர் எனக் கொள்க. முதலிற் பேசுபவன், "பிரதாப முதலியார் சரித்திரம் மிக நன்றாக இருக்கிறது" என்று கூறி அமர்ந்துவிடுகிறான். "எவ்விடத்தில் நன்றாக இருக்கிறது?" என்று அருகிலிருப்பவன் கேட்கிறான். அவனால் உடனே விடை கூற முடியவில்லை. அவன் கூறியது பொய்யன்று. ஆயினும் அது இன்னும் கருத்தாகவில்லை. பசித்தவன் உண்டு மகிழ்ந்து "நன்று" என்பது போன்றது அது. புளி மிகுந்ததா, உப்புக் குறைந்ததா என்று சொல்லத் தொடங்கும்போதுதான் சமைத்தவர்க்கும் உடனுண்பவர்க்கும் அச்சொல்லாற் பயன் விளையும்.

சற்று எண்ணிப் பார்த்தபின் அவனே மீண்டும் எழுகிறான். செல்வர் வீட்டுப் பிள்ளையாகிய பிரதாபன் செய்யும் தவறுகளுக்கெல்லாம், அவனுடன் பயிலும் ஆசிரியர் மகன் அடி வாங்குகின்ற பகுதியை எடுத்துக் காட்டுகிறான். "படிக்கும்போது சிரித்தேன், படித்து முடித்தபின் சிரிப்பு வரவில்லை" என்கிறான். இப்போது அவன் கூற்றுக்கு ஒரு நிலைக்களம் கிடைத்துவிட்டது. பிறர் அவ்விடத்தைப் புரட்டிப் பார்த்து உடன்படவோ மறுக்கவோ முடியும்.

மற்றொருவன் மறுக்கவே செய்கிறான். கதை நேரே செல்லவில்லை; இடையிடையே கிளைக்கதைகளும் அறிவுரைகளும் வந்து வழிமறிக்கின்றன என்பது அவன் குறை. ஆண்வேடம் பூண்ட ஞானாம்பாளுக்கு யானை மாலையிட, அவள் விக்கிரமபுரிக்கு அரசியாவது நம்பத்தக்கதன்று என்றும் கூறுகிறான். இக்குறைகள் இரண்டும் உண்மையே. ஆனால் அக்கூட்டத்து மாணவி ஒருத்தி வேறொன்றைக் காண்கிறாள். "யானை மாலையிடுவது பாட்டியர் கூறும் பழங்கதையில் வருவது. அப்பழைய கலத்தில் ஆசிரியர் எதை வார்த்தார் என்று பார்க்க வேண்டும். ஒரு பெண் நாடாள்கிறாள். அவள் நீதிமன்றங்களில் தாய்மொழியில் வழக்காட வேண்டும் என்று வற்புறுத்துகிறாள். நீதிமன்றத்திலேயே வாழ்நாளைக் கழித்த ஒருவர் எழுதியது இது" என்கிறாள். யானையை நம்பாதவனும் அவள் கூறியதைக் கேட்டபின் அப்பகுதியை மீண்டும் படிக்க விரும்புகிறான். ஒருவர் கண்ட குறை மற்றொருவர் கண்ட நிறையால் அழிந்துவிடவில்லை. இரண்டும் ஒருங்கே நிற்கின்றன. பரந்துபட்ட நூல்களுக்கு இத்தகைய இயல்பு உண்டு.

பேச்சு 'பொன்னியின் செல்வ'னிடம் திரும்பும்போது வாதம் சூடேறுகிறது. அது இயற்கையே. அந்நூலை விரும்பாதவரைக் காண்பது அரிது. விரும்புவோரிடையே வழக்கு எழாதிருப்பது அதனினும் அரிது.

இலங்கையிலிருந்து திரும்பும் அருள்மொழிவர்மர் குளிர்சுரத்தால் நலிவுற்று, நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்திற் புத்த பிட்சுக்களின் பாதுகாப்பில் தங்குவதாகக் கல்கி எழுதியுள்ளார். வரலாற்றில் ஆர்வமுள்ள மாணவன் ஒருவன் இங்கே தடை நிகழ்த்துகிறான். "ஸ்ரீவிசய நாட்டரசன் சூளாமணிவர்மன் பெயரால் எழுந்த அவ்விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை இராசராசன் வழங்கியது அவனது 21ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1006ஆம் ஆண்டை ஒட்டி. ஆனைமங்கலச் செப்பேடு இதனைக் கூறுகிறது. கதையோ இராசராசன் முடிசூடிய 985ஆம் ஆண்டுக்குப் பல ஆண்டுகள் முற்பட்டது. அக்காலத்தில் அவ்விகாரம் எங்ஙனம் இருந்திருக்கும்?" என்பது அவன் வினா.

நல்ல வினா இது. ஆலந்து நாட்டு லெய்டன் நகரை அடைந்தமையால் லெய்டன் செப்பேடுகள் என்றும் பெயர் பெற்ற அவ்வேடுகளை அறிந்தாலன்றி இதனைக் கேட்க இயலாது. எனினும் அவன் இதிலிருந்து, "ஆகவே இப்புதினம் பிழையானது" என்ற முடிவுக்குத் தாவுவானாயின், அங்கே சறுக்கிவிடுவான். வரலாற்று நூலை அளக்கும் கோல் வேறு. வரலாற்றுப் புதினத்தை அளக்கும் கோல் வேறு. ஒரு செய்தி காலத்தால் மாறியிருப்பின், அதனை மாறியதென்று குறிப்பது படிப்போர் கடமை. அம்மாற்றத்தாற் கதைக்குக் கிடைத்தது யாது என்று வினவுவது அடுத்த கடமை. சைவராகிய சோழ இளவரசரைப் பௌத்தத் துறவிகள் காத்தனர் என்னும் அமைப்பு, பிற்காலத்தில் அவர் அவ்விகாரத்துக்கு ஊர் வழங்கியதற்கு ஓர் உணர்ச்சிக் காரணத்தைப் படைத்துத் தருகிறது. செப்பேட்டில் கொடை மட்டுமே உண்டு; அதன் பின்னணியில் ஒரு நன்றிக்கடனைக் கற்பித்துக் கொண்டது புதினம். அக்கற்பனை பொருத்தமானதா, மிகையானதா என்று வாதிடுவதற்கு இடம் உண்டு. விகாரத்தின் எச்சமெனக் கருதப்பெற்ற செங்கற்கோபுரம் ஒன்று 1867ஆம் ஆண்டு வரை நாகப்பட்டினத்தில் நின்றிருந்தது. பின்னர் அதுவும் இடிக்கப்பட்டுவிட்டது. இன்று அவ்விகாரத்தைக் காண விழைவோர் செப்பேட்டின் வரிகளிலும் கல்கியின் பக்கங்களிலுமே காணல் வேண்டும்.

அடுத்துப் பேசுபவள் கடற்கரைக் குப்பம் ஒன்றைச் சேர்ந்த மாணவி. ஐந்தாம் பாகத்தின் தொடக்கத்தில், புயலும் கடற்பெருக்கும் நாகப்பட்டினத்தைச் சூழும் பகுதியை அவள் எடுத்துக்கொள்கிறாள். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியபோது, நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். காரைக்கால் கரையும் பேரிழப்புற்றது. அப்போது அவள் பிறந்திருக்கவில்லை. ஆயினும் அவள் வீட்டுச் சுவரில் மாலையிட்ட படங்கள் உள்ளன. அந்நாளைப் பற்றிப் பேசத் தொடங்கிய பாட்டி பாதியிலேயே நிறுத்திவிடுவதை அவள் பலமுறை கண்டிருக்கிறாள். "கடல் பொங்கும் இடத்தை என்னால் விரைந்து படிக்க முடியவில்லை. ஆனால் கதை இளவரசரையும் பூங்குழலியின் படகையுமே தொடர்ந்து செல்கிறது. கரையில் இருந்த குடிசைகளில் யார் பிழைத்தனர், யார் பிழைக்கவில்லை என்று நான் தேடினேன்" என்கிறாள் அவள்.

கூட்டம் சிறிது நேரம் பேசாதிருக்கிறது. இத்தகைய கருத்துக்கு உடனே விடை கூற முற்படுவது நாகரிகமன்று. பின்னர் ஒருவன் தயக்கத்துடன், வெள்ளத்தில் அகப்பட்ட கன்று ஒன்றைப் படகில் ஏற்றும் இடத்தை நினைவூட்டுகிறான். அரசகுமாரர் கதையிடையே தாயைப் பிரிந்த கன்றுக்கும் ஆசிரியர் இடம் தந்திருக்கிறார் என்பது அவன் கருத்து. அவள் அதனை ஒப்புக்கொள்கிறாள். ஒப்புக்கொண்டும் தன் கருத்தை விட்டுவிடவில்லை. "கன்றைக் கண்டவர் குடிசையையும் கண்டிருக்கலாமே என்றுதான் தோன்றுகிறது" என்கிறாள். இங்கே ஒரு நுட்பம் உண்டு. அந்நூல் சோழ இளவரசரின் கதை. அதன் பார்வை அவரைச் சூழ்ந்து செல்வது குற்றமாகாது. ஆனால் அவள் தேடியது அதில் இல்லை என்பதும் உண்மை. நூலின் குறையையும் தன் தேவையையும் அவள் ஒன்றாகக் குழப்பாமல், தான் தேடியது இன்னதென்று வெளிப்படையாகக் கூறினாள். தன் வாழ்வைக் கொண்டுவந்து நூலின் அருகே வைத்துப் பார்ப்பது தவறன்று. நூலைத் திறவாமலே தன் வாழ்வை மட்டும் பேசுவதே தவறு. அவள் தேடிய கதையை இக்கரையில் பிறந்த எவரேனும் எழுதவும் கூடும். அவளே எழுதவும் கூடும்.

இவ்விடத்தில் மற்றொருவன் ஓர் ஊகத்தைக் கூறுகிறான். 1952ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் நாகப்பட்டினத்தருகே பெரும்புயல் ஒன்று கரையேறியது. ஐந்தாம் பாகம் தொடரின் இறுதிப் பகுதி. ஆதலால் அப்புயலின் நினைவு அதில் கலந்திருக்கலாம் என்பது அவன் எண்ணம். இருக்கலாம். ஆனால் 'இருக்கலாம்' என்ற சொல்லை அவன் விடாமற் கூறியதே பாராட்டத்தக்கது. ஊகத்தை ஊகமென்றே கூறுபவன் சொல்லுக்கு அவையில் மதிப்பு உண்டு.

கதை முடிந்தபோது அதனைத் தொடர்ந்து படித்துவந்தோர் பலர் மனநிறைவு கொள்ளவில்லை. கதை திடீரென நின்றுவிட்டதாகவும், குந்தவையும் வந்தியத்தேவனும் மணந்துகொண்டனரா, ஏனையோர் பின்னர் என்ன ஆயினர் என்றும் ஆசிரியரைக் கேட்டனர். கல்கி அவ்வினாக்களைப் புறக்கணிக்கவில்லை. முடிவுரை ஒன்று எழுதி விடையளித்தார். படிப்போர் தடையும் நூலாசிரியர் விடையும் ஓரிடத்தில் சந்தித்த அம்முடிவுரையைப் பலர் படியாமல் மூடிவைத்துவிடுவது வருந்தத்தக்கது. வந்தியத்தேவர் குந்தவைப் பிராட்டியாரின் கணவர் என்பதற்குத் தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டே சான்றாக உள்ளது.

ஆனால் ஒரு வினா மட்டும் எல்லாக் கூட்டத்திலும் எஞ்சி நிற்கும். கடம்பூர் மாளிகையில் ஆதித்த கரிகாலர் எவர் கையால் மாண்டார்? இருளையும் குழப்பத்தையும் அவ்விடத்தில் நிறைத்து, விடையைக் கல்கி மறைத்துவிட்டார். போலகத்து மாணவர் ஒருவன் பெரிய பழுவேட்டரையரைக் குறிக்கிறான். ஒருத்தி நந்தினியை விட்டுவிட மறுக்கிறாள். வேறொருவன் பாண்டிய நாட்டு ஆபத்துதவிகளைச் சுட்டுகிறான். நந்தினி ஆசிரியரின் படைப்பு என்று நினைவூட்டினாலும் அவள் விடுவதாக இல்லை. "நாம் பேசுவது கதையைப் பற்றித்தானே?" என்கிறாள். அதுவும் நேரிய விடையே. வரலாற்றார்வமுள்ளவனோ காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கல்வெட்டைத் துணைக்கழைக்கிறான். இராசராசனது 2ஆம் ஆட்சியாண்டில் பொறிக்கப்பெற்ற அக்கல்வெட்டு, கரிகாலனைக் கொன்ற துரோகிகளாகச் சோமன், இரவிதாசன், பரமேசுவரன் என்னும் உடன்பிறந்தாரைக் குறிப்பிட்டு, அவர்தம் உடைமைகளும் உறவினர் உடைமைகளும் பறிக்கப்பட்டதைக் கூறுகிறது. எவர் கையில் வாள் இருந்தது என்பதை அக்கல்வெட்டும் கூறவில்லை.