டெங்கு நோயும் ரீ-கலங்களும்

மழைக்காலம் பிறந்துவிட்டால் சிலாபம் தொடங்கிக் கற்பிட்டி ஈறாக நம் கரையோர ஊர்களிலே டெங்கு என்னும் சொல்லை அச்சத்தோடு உச்சரியாத தாய்மார் இல்லை. தென்னந்தோட்டத்தில் நீரேந்திக் கிடக்கும் சிரட்டையும், கவிழ்க்காது விட்ட பழைய வள்ளமும், நன்னீர் அருமையான மணற்பாங்கான இடங்களில் நிறைத்து வைக்கும் தொட்டியும் நுளம்புக்குத் தாய்வீடு என்பதைச் சுகாதாரப் பரிசோதகர் சொல்ல நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். நன்னீர் மட்டுமன்று, உவர்நீரும் அதற்கு ஏற்றதே என்பதை ரஞ்சன் ராமசாமி, நோபிள் சுரேந்திரன் முதலிய அறிஞர்கள் நம் நாட்டின் வடக்கு, கிழக்குக் கரைகளிலே கண்டு 2011ஆம் ஆண்டில் வெளியிட்டனர். களப்பின் ஓரத்தில் வாழும் நாம் இதனை மனத்திருத்துதல் நன்று.

எனினும் நாம் ஈண்டு ஆராயப் புகுவது நுளம்பைப் பற்றியன்று. அது கடித்த பின்னர் உடலினுள்ளே நிகழும் போரைப் பற்றியது. சின்னமுத்து ஒருமுறை கண்டவருக்கு மறுமுறை வருவதில்லை. டெங்கோ அவ்வாறன்று. டெங்கு வைரசில் நான்கு வகைகள் உள. ஒரு வகை தந்த நிர்ப்பீடனம் அவ்வகையிலிருந்து நெடுங்காலம் காக்கும். ஏனைய மூன்றிலிருந்து சில மாதங்களே காக்கும். அதன்பின் வேறொரு வகை தொற்றுமாயின் நோய் முன்னையினும் கடுமையாதலும் உண்டு. காய்ச்சல் தணியும் வேளையிலே குருதிக் குழாய்களிலிருந்து நீர்ப்பாகம் கசிந்து நோயாளி தளர்ந்து விழுவது இக்கடுமையான வடிவத்தில்தான். காய்ச்சல் விட்டதென்று பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் பெற்றோர் அறியவேண்டியது இது. 2017ஆம் ஆண்டில் இலங்கையில் 1,86,000க்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவாயினர்.

ஒருமுறை பெற்ற பாதுகாப்பே மறுமுறை பகையாவது எவ்வாறு? இக்கேள்விக்கு விடை தேடுமுன், காவலர் இருவரை வேறுபிரித்து அறிதல் வேண்டும்.

முதலாமவர் பிறபொருளெதிரிகள். இவை பீ-கலங்கள் ஆக்கும் புரதங்கள். குருதியிலே மிதந்து சென்று, வெளியே திரியும் வைரசைப் பற்றிக்கொள்வன. ஆனால் வைரசு ஒரு கலத்தினுள் புகுந்து கதவடைத்துக் கொண்டால் இவற்றால் ஆவது சிறிது. அவ்விடத்திலே வேண்டப்படுபவர் இரண்டாமவராகிய ரீ-கலங்கள். நெஞ்செலும்பின் பின்னே கிடக்கும் தைமசுச் சுரப்பியில் முதிர்வதனால் இப்பெயர் பெற்றன. அச்சுரப்பி எதற்காக உள்ளதென்றே நெடுநாள் ஒருவரும் அறியார். 1961ஆம் ஆண்டில் இலண்டனில் ஜாக் மில்லர் என்பார் பிறந்த எலிக்குஞ்சுகளிலிருந்து அதனை அகற்றிவிட்டு, அவை அந்நிய எலியின் தோலை ஒட்டவைத்தபோதும் அதனை நிராகரிக்கும் ஆற்றலின்றி இருந்ததைக் காட்டிய பின்னரே அதன் பெருமை வெளிப்பட்டது.

மூடிய கலத்தின் உள்ளே வைரசு இருப்பதை ரீ-கலம் எங்ஙனம் அறியும்? வாயிலில் கொட்டிக் கிடக்கும் இறால் கோதைக் கண்டு உள்ளே என்ன கறி என்று அயலவர் சொல்லிவிடுவதில்லையா? அதுபோன்றதே இதுவும். ஒவ்வொரு கலமும் தன்னுள் ஆகும் புரதங்களைச் சிறு துணுக்குகளாக நறுக்கி, எச்.எல்.ஏ. எனப்படும் ஏந்தியின்மேல் வைத்துப் புறத்தே காட்டுகிறது. துணுக்கு ஒன்றிலே ஒன்பது, பத்து அமினோ அமிலங்களே இருக்கும். அது தன் வீட்டதா, வைரசினதா என்று ரீ-கலம் சோதிக்கும். வைரசினதாயின் அக்கலத்தையே கொன்றுவிடும். துணுக்கையும் ஏந்தியையும் சேர்த்தே ரீ-கலம் பார்க்கிறது என்பதை 1970களில் கன்பராவில் கண்ட பீற்றர் டோகேர்ட்டி, ரோல்ப் சிங்கர்நாகல் ஆகிய இருவருக்கும் 1996இல் நோபெல் பரிசு கிடைத்தது.

எச்.எல்.ஏ. ஏந்திகள் தாய்வழி பாதியும் தந்தைவழி பாதியுமாக வருவன, ஆளுக்காள் வேறுபடுவன. ஆகவே ஒரே வைரசின் வெவ்வேறு துணுக்குகளை வெவ்வேறு மனிதர் காட்டுகின்றனர். பத்துப் பேரின் குருதியைப் பார்த்து ஓர் ஊருக்குத் தீர்ப்புச் சொல்ல முடியாமைக்குக் காரணம் இதுவே.

டெங்குவைப் பற்றி இரு கொள்கைகள் நிலவின. பழைய பிறபொருளெதிரி புதிய வகை வைரசைப் பற்றியும் அழிக்க மாட்டாது, அதனைக் கலங்களுக்குள் ஏற்றிவிடும் தோணிபோல் ஆகிவிடுகிறது என்பது ஒன்று. மற்றையது ரீ-கலங்களையே குற்றஞ்சாட்டியது. முதல் தொற்றிலே பழகிய ரீ-கலங்கள் இரண்டாம் வகையைச் செவ்வனே அடையாளங் காணாது முந்திக்கொண்டு பெருகி, வைரசையும் அழியாது அழற்சியை மட்டும் மூட்டுகின்றன என்றது அது. தாய்லாந்துச் சிறாரின் குருதியை ஆராய்ந்து 2003இல் வெளிவந்த கட்டுரை இக்கொள்கைக்கு வலுவூட்டிற்று. இக்குற்றச்சாட்டு உண்மையாயின், ரீ-கலங்களைத் தூண்டும் டெங்குத் தடுப்பு மருந்து செய்வதே ஆபத்தாகும். ஆதலால் இது ஏட்டளவில் நிற்கும் வாதமன்று.

இதனைச் சோதித்துப் பார்த்தது நம் நாட்டவரின் குருதி. கொழும்பிலே குருதிக்கொடை வழங்கியோரின் குருதியை அருண தர்ஷன் த சில்வா முதலிய நம் நாட்டு ஆய்வாளரும், கலிபோர்னியாவின் லா ஹொயா நிலையத்தைச் சேர்ந்த தனியேலா வைஸ்கொப், அலெசாந்திரோ செட்டே ஆகியோரும் கூடி ஆராய்ந்து 2013இல் முடிவை வெளியிட்டனர். செய்முறை எளிதில் விளங்கத்தக்கது. வெண்கலங்களைச் சிறு குழிகளிலே இட்டு, வைரசின் புரதத் துணுக்கு ஒன்றைச் சேர்ப்பர். அத்துணுக்கை முன்னரே அறிந்த ரீ-கலம் இன்ரபெரோன் காமா என்னும் பொருளைச் சுரக்கும். சுரந்த இடத்தில் ஒரு புள்ளி தோன்றும். புள்ளிகளை எண்ணினால் நினைவுடைய கலங்களை எண்ணியதாகும். இவ்வாறு நானூற்றுக்கு மேற்பட்ட துணுக்குகளைப் பற்றிய விடைகள் கிடைத்தன.

கண்டது என்ன? முதல் தொற்றின்பால் ரீ-கலங்கள் சாய்ந்திருந்தமை உண்மையே. ஆனால் அச்சாய்வினால் அவற்றின் அளவும் குறையவில்லை, திறமும் குறையவில்லை. அதுமட்டுமன்று, கடுமையான டெங்கு எளிதிற் பற்றாத எச்.எல்.ஏ. வகையினரிடத்திலே ரீ-கலங்களின் விடை வலுவாகவும், ஒரே கலம் பல வேலை செய்வதாகவும் இருந்தது. குற்றவாளிக் கூண்டில் நின்றவர் காவலராகவே காணப்பட்டார். கொடையாளர் சுகதேகிகள், பிழைத்து நலமாய் இருப்பவரிடம் நல்ல கலங்கள் காணப்படுவதில் வியப்பென்ன என்று ஒருவர் கேட்கலாம். கேட்கத்தக்க கேள்வியே அது. நோய்ப்படுக்கையில் உள்ளவரையும் ஆராய்ந்தால் அன்றி வழக்கு முடியாது.

அப்பணியைச் செய்தவர் ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகப் பேராசிரியை நீலிகா மலவிகே. ஒக்ஸ்போர்டில் பயின்று தாய்நாடு திரும்பி, நோயாளியின் கட்டிலுக்கு அருகிலேயே ஆய்வுகூடத்தை வைத்துக்கொண்டவர் என்று அவரைச் சொல்லலாம். அவரது குழுவினர் டெங்குக் காய்ச்சல் மட்டும் கண்டவரையும், குருதிக்கசிவு கண்டவரையும் ஒப்பிட்டபோது, இலேசான நோய் உற்றவரிடமே பல வேலை செய்யும் ரீ-கலங்கள் மிகுந்திருந்தன. கொரோனாக் காலத்தில் 2021இல் நம் மக்களுக்கு ஏற்றிய அஸ்ட்ராசெனிகா, சினோபாம் ஊசிகள் பிறபொருளெதிரியை மட்டுமன்றி ரீ-கலங்களையும் எவ்வளவு எழுப்பின என்று அளந்து காட்டியதும் இக்குழுவே. பிற நாட்டார் அளந்து சொல்லும்வரை காத்திராத அத்துணிவை நாம் பெரிதும் மதிக்கிறோம்.

இனித் தடுப்பு மருந்துக்கு வருவோம். டெங்கு வைரசு பத்துப் புரதங்களை ஆக்குகிறது. மூன்று அதன் உடலை அமைப்பன. ஏழு கலத்தினுள் வேலை செய்வன. கலங்கொல்லும் ரீ-கலங்கள் பெரும்பாலும் குறிவைப்பது இந்த ஏழனுள் சிலவற்றையே. முதலிற் சந்தைக்கு வந்த டெங்வாக்சியா என்னும் மருந்து மஞ்சட்காய்ச்சல் தடுப்பு வைரசின்மேல் டெங்குவின் மேலுறையைப் போர்த்திச் செய்யப்பட்டது. ஆகவே உள்வேலைப் புரதங்கள் யாவும் மஞ்சட்காய்ச்சலினவே. பிலிப்பைன்சில் 2016இல் பள்ளிச் சிறார்க்கு அதனை ஏற்றத் தொடங்கினர். முன்னர் டெங்கு காணாத பிள்ளைகளுக்கு அம்மருந்தின் பின் நோய் கடுமையாகலாம் என்று 2017 நவம்பரில் செய்த நிறுவனமே அறிவித்தது. அரசு திட்டத்தை நிறுத்தியது. அங்கே தடுப்பூசி என்றாலே பெற்றோர் ஐயுறும் நிலை உண்டாயிற்று. டெங்குவின் ரீ-கல இலக்குகள் இல்லாமையே காரணம் என்று முடிவுகட்ட இயலாது. காரணங்களுள் ஒன்றென ஆய்வாளர் பலர் கருதுகின்றனர்.

பின்வந்த கியூடெங்கா டெங்குவின் இரண்டாம் வகையையே அடித்தளமாகக் கொண்டது. எட்டு நாடுகளில் இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட சிறாரிடம் அதனைச் சோதித்தபோது இலங்கைச் சிறாரும் அதில் இடம்பெற்றனர். நாலரை ஆண்டளவில் வைத்தியசாலையிற் சேரவேண்டிய நோயை அது நூற்றுக்கு 84 பங்கு குறைத்தது. இரண்டாம் வகைக்கு எதிரே அதன் வலிமை மிகப் பெரிது. முன்னர் டெங்கு காணாத பிள்ளைகளை மூன்றாம் வகையிலிருந்து அது காத்ததாகக் காட்ட முடியவில்லை.

பிறபொருளெதிரியை அளக்கக் குருதியின் தெளிநீரைக் குளிரில் வைத்து எத்துணைத் தூரமும் அனுப்பலாம். ரீ-கலத்தையோ உயிரோடு அளக்கவேண்டும். எடுத்த குருதியைச் சில மணி நேரத்தினுள் பிரித்து, திரவ நைதரசனிலே சேமித்தல் வேண்டும். புத்தளம் கொழும்பிலிருந்து ஏறக்குறைய 130 கிலோமீற்றர். உடப்பிலும் கற்பிட்டியிலும் வாழும் மக்களிடையே எந்த எச்.எல்.ஏ. வகைகள் மிகுதி, எத்துணுக்கை அவர்தம் ரீ-கலங்கள் காண்கின்றன என்பவற்றை அறிவதற்குக் குருதியை உடனே பிரிக்கும் ஒரு சிறு கூடமும், அதனை நடத்தத் தெரிந்த இருவரும் இக்கரையிலேயே இருத்தல் வேண்டும்.