பழங்காசும் தரச் சான்றும்

இராசபாளையத்தினின்று தென்காசிக்குச் செல்லும் பெருவழியில், சேத்தூரை அடுத்து, மேற்கு மலைத்தொடரின் அடியில் அமைந்துள்ளது தேவதானம். நச்சாடை தவிர்த்தருளிய சுவாமி கோயிலால் பெயர் பெற்றது அவ்வூர். கோயிலுக்கு விடப்பட்ட நிலத்தைக் கல்வெட்டுக்கள் தேவதானம் என வழங்குதலின், ஊர்ப்பெயரே அதன் பழமைக்கு ஒரு சான்றாகும். பாண்டி நாட்டில் இத்தகைய ஊர்களிலே, கண்மாயில் வண்டல் வெட்டுங்காலும் புன்செயை உழுங்காலும் செப்புக்காசு வெளிப்படுதல் புதிதன்று. அங்ஙனம் கிடைத்ததொரு காசு நம் மாணவர் ஒருவர் கையில் வந்து சேர்ந்தது எனக் கொள்வோம். அதனைக் கண்ட நண்பர், ‘இதற்குத் தரச் சான்று வாங்கினால் விலை பன்மடங்காகும்’ என்று சொல்லாமல் இரார். அச்சொல் எத்துணை உண்மையென்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

தரமிடுதல் என்னும் தொழில் பழங்காசுகளுக்கென எழுந்ததன்று. அமெரிக்க நாட்டுப் பழைய செப்புச் சென்டுகளை விலைமதிக்கும் பொருட்டு, வில்லியம் ஷெல்டன் என்பார் 1949இல் எழுபது எண் வரையுள்ள அளவுகோல் ஒன்றை வகுத்தனர். 1986, 1987ஆம் ஆண்டுகளில் அந்நாட்டிலே இதற்கெனவே நிறுவனங்கள் தோன்றின. அவை காசினை ஆராய்ந்து, தரத்தைச் சீட்டிற் பொறித்து, இரண்டையும் பிளாஸ்டிக் பேழையில் அடைத்து முத்திரையிட்டுத் தரும். பழங்காசுகளுக்கு எழுபதெண் முறை பொருந்தாது. ஆதலின் தேய்மானத்தைச் சொல்லாற் குறித்து, அச்சு விழுந்த செம்மைக்கு ஐந்தில் இத்துணை, மேற்பரப்பின் நலத்துக்கு ஐந்தில் இத்துணை என எண்ணிடுவர்.

இவ்வெண்கள் எதனை அளக்கின்றன? காசு எவ்வளவு கெடாதிருக்கின்றது என்பதனையே. ஒருவரையொருவர் காணாது தொலைவிலிருந்து வாங்கி விற்போர்க்கு இது பெரிதும் பயன்படும். அதனை மறுப்பார் இலர். ஆயின் காசின் அருமை அதன் அழகளவில் நிற்பதோ? இரண்டு செய்திகளை நோக்குவோம்.

1980களில், தினமலர் ஆசிரியராயிருந்த டாக்டர் இரா. கிருஷ்ணமூர்த்தி சதுர வடிவான சிறு செப்புக்காசு ஒன்றை ஆராய்ந்து வெளியிட்டார். அதன் ஒரு முகத்தில் குதிரையும் ஆமைகளும் உள்ளன. மறுமுகத்தில் கோடுகளால் அமைந்த மீன் குறி உளது. குதிரையின் மேற்புறத்தே தமிழ்ப் பிராமி எழுத்தில் ‘பெருவழுதி’ என்னும் பெயர் காணப்பட்டது. சங்ககாலப் பாண்டியர் தம் பெயர் பொறித்துக் காசு வெளியிட்டனர் என்பது அதனால் நிலைபெற்றது. இவ்வகைச் செப்புக்காசுகள் பெரும்பாலும் தேய்ந்தும் களிம்பேறியுமே கிடைப்பன. மேற்பரப்புக்கு உயர்ந்த எண் பெறுதல் அரிது. அந்த எண்ணைக் கண்டவன் அதனைப் புறக்கணித்திருப்பான். எழுத்தைக் கண்டவனோ ஒரு வரலாற்றைக் கண்டான்.

மற்றொன்று புதுக்கோட்டைப் புதையல். 1898இல் வெளிப்பட்ட இதில் 501 உரோமானியப் பொற்காசுகள் இருந்தன. அவற்றுட் பெரும்பாலானவற்றில் பேரரசர் தலையின் குறுக்கே உளியால் வெட்டிய தழும்பு உண்டு. தரமிடுவோர்க்கு அத்தழும்பு வெறும் குறையே. சான்றுச் சீட்டில் ஊறு என்று எழுதப்படும். வரலாற்று மாணவர்க்கோ, உரோமப் பொன் தமிழகத்தில் எங்ஙனம் வழங்கிற்று என வினவத் தூண்டுவதே அத்தழும்புதான். பழுதற்ற காசு பேசாதிருக்க, வெட்டுண்ட காசு பேசுகின்றது!

இனி நம் மாணவர் கைக்காசுக்கு வருவோம். அது நிற்கும் உருவம் ஒருபுறமும் அமர்ந்த உருவம் மறுபுறமும் கொண்டு, நாகரி எழுத்தில் இராசராசன் பெயர் தாங்கியதாயின், அத்தகையன எண்ணிறந்தன உள. தரமிடும் கட்டணமும் காப்பீடும் போக்குவரத்துச் செலவும் சேர்ந்து காசின் விலையை விழுங்கிவிடும். மீன் குறியோடு ‘சோணாடு கொண்டான்’, ‘எல்லாந்தலையானான்’ என்னும் எழுத்துக்கள் உள்ள பிற்காலப் பாண்டியர் காசாயின் மகிழத்தக்கதே. எனினும் அதனை இன்னதென்று துணிய எழுத்தறிவும் பிற காசுகளோடு ஒப்புநோக்குதலும் வேண்டுமேயன்றிப் பேழை வேண்டா. பேழையால் இழப்பும் உண்டு. முத்திரையிட்டபின் காசினை எடையிட முடியாது. விளிம்பையும் நன்கு காணவியலாது. வார்ப்புப் போலிகள் பெரும்பாலும் விளிம்பிலுள்ள பொருத்துக் கோட்டாலும் மேற்பரப்பின் நுண்குமிழ்களாலும் வெளிப்படுவன என்பதை நினைக்குங்கால், விளிம்பை மறைத்தல் சிறு செய்தியன்று.

அங்ஙனமாயின் தரச் சான்று எக்காலும் வீணோ? அன்று. பொன்னோ வெள்ளியோ ஆகிய காசு, நன்னிலையில் உள்ளது, முறையாக விலைக்கு வாங்கப்பட்டு அதற்குரிய சீட்டும் உடையது, போலிகள் மலிந்த வகையைச் சேர்ந்தது, உரியவரும் அதனைப் பிறர்க்கு மாற்றக் கருதுகின்றார் எனின், ஆகும் செலவுக்கு ஈடுண்டு. இவற்றுள் ஒன்றேனும் பொருந்தாவிடின் யான் அனுப்பேன்.

இதற்கு மேல் சட்டம் ஒன்று குறுக்கே நிற்கின்றது; இதனைப் பலர் அறியார். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டத்தின்படி நூறாண்டுக்குக் குறையாத பழமையுடைய காசு தொல்பொருளாகும். அதனைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புதல் தடைசெய்யப்பட்டுள்ளது. தரமிடுவதற்கு மட்டுமே அனுப்புகின்றேன், திரும்ப வந்துவிடும் என்பது விடையாகாது. மண்ணிலிருந்து எடுத்த காசாயின் 1878ஆம் ஆண்டுப் புதையற் சட்டமும் உண்டு. பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலைக் கண்டவர் மாவட்ட ஆட்சியருக்கு அறிவித்தல் வேண்டும். பத்து ரூபாய் என்பது அந்நாளைய அளவு. இந்நாளில் ஒரு செப்புக்காசே அதனைத் தாண்டிவிடும். அறிவித்தால் எல்லாம் பறிபோகும் என்னும் அச்சம் ஊர்களில் மிகுதி. உரிமையாளர் எவரும் இல்லையெனத் துணியப்பட்ட புதையலில், வேறு உடன்பாடு இல்லாவிடத்து, முக்காற்பங்கு கண்டெடுத்தவர்க்கும் காற்பங்கு நிலத்துக்குரியவர்க்கும் சேரும் என்று அச்சட்டமே கூறுகின்றது. அரசு அதனைத் தானே எடுத்துக்கொள்ளின், உலோகத்தின் மதிப்போடு அதில் ஐந்திலொரு பங்கும் கூட்டித் தரவேண்டும் என்றும் விதிக்கின்றது.

ஆதலின் முதலிற் செய்யத்தக்கது பேழைக்கு அனுப்புதலன்று, காசினை அறிதலே. புளியிட்டுத் துலக்கலாகாது. செப்புப் பாத்திரத்துக்கு நலமானது செப்புக்காசுக்குக் கேடாம்; களிம்போடு எழுத்தும் போய்விடும். பொற்கொல்லர் தராசில் மில்லிகிராம் வரை நிறுத்து, அளவெடுத்து, பக்கவாட்டில் ஒளி விழச்செய்து இருமுகங்களையும் படம்பிடித்தல் வேண்டும். கிடைத்த இடம், ஆழம், உடன்கிடைத்த ஓடு முதலியவற்றை அன்றே எழுதிவைத்தல் அதனினும் முதன்மையானது. எடையைப் பின்னும் காணலாம், இடத்தைப் பின்னர்க் காண ஒண்ணாது.

ஒப்புநோக்குதற்கு நூல்கள் உள. திருமங்கலத்தில் வாழ்ந்த டிரேசி பாதிரியார் பாண்டியர் காசுகளைப் பற்றி எழுதினார். வேலூரிலிருந்த லோவந்தால் பாதிரியார் 1888இல் திருநெல்வேலிக் காசுகள் என்னும் ஆங்கில நூலை வெளியிட்டார். 1910இல் இராமநாதபுரம் மாவட்டம் அமையும்வரை திருவில்லிபுத்தூர் வட்டாரமும் திருநெல்வேலியைச் சேர்ந்ததாகலின், அந்நூல் நம் பகுதிக்கும் உரியதே. அவற்றிற் கண்ட துணிபுகள் சில இன்று மாறிவிட்டன. ஆயினும் காசுகளை வரைந்து காட்டிய பொறுமைக்காகவே அவற்றைப் புரட்டலாம். அவற்றாலும் தெளியாவிடின், படத்தையும் குறிப்பையும் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவுக்கு எழுதியனுப்பிக் கேட்கலாம். காசினை உடன் அனுப்புதல் வேண்டா. அவர்கள் கேட்டால் நேரிற் கொண்டு சென்று காட்டலாம்.