ஆற்றுக்கடியில் பிறந்து மலையேறிய கோடுகள்

கேள்வி: மலைப் பள்ளத்தாக்குகளின் பழைய வரைபடங்களில் வளைந்து வளைந்து செல்லும் பழுப்புக் கோடுகளை முதலில் போட்டவர் யார்?

பதில்: ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் அந்தச் சம உயரக் கோடுகளின் கதை தண்ணீருக்கடியில் தொடங்குகிறது. 1584-இல் நெதர்லாந்தின் நில அளவையாளர் பீட்டர் புருயின்ஸ், ஸ்பார்னே ஆற்றில் ஒரே ஆழமுள்ள இடங்களைக் கோட்டால் இணைத்தார். 1730-இல் இன்னொரு நெதர்லாந்து நில அளவையாளரான குரூக்கியஸ் மெர்வேடே ஆற்றை அதே முறையில் வரைந்தார்.

மலைக்கு இந்த முறையைக் கொண்டுவந்து புகழ்பெற்றவர் ஆங்கிலேயக் கணித அறிஞர் சார்லஸ் ஹட்டன். ஸ்காட்லாந்தின் ஷிஹாலியன் மலை தூக்குக்குண்டைத் தன் பக்கம் எவ்வளவு இழுக்கிறது என்று 1774-இல் வானியலாளர் நெவில் மாஸ்கலின் அளந்தார். அதிலிருந்து பூமியின் அடர்த்தியைக் கணக்கிட வேண்டுமானால், முதலில் மலையின் பருமன் தெரிய வேண்டும். அந்தக் கணக்கு ஹட்டனிடம் வந்தது. தாள் முழுக்க உயர எண்கள்! ஒரே உயரமுள்ள புள்ளிகளைக் கோட்டால் சேர்த்துப் பார்த்தார். மலையின் வடிவம் தெளிவாகத் தெரிந்தது. பூமி தண்ணீரைப்போல் சுமார் நாலரை மடங்கு அடர்த்தி என்று 1778-இல் அறிவித்தார். இன்றைய கணக்கு ஐந்தரை மடங்கு.

ஆனாலும் இந்தக் கோடுகள் உடனே பரவவில்லை. 1845 முதல் 1865 வரை 25 தாள்களாக வெளிவந்த சுவிட்சர்லாந்தின் டுஃபூர் வரைபடம், சரிவுகளைச் செப்புத் தகட்டில் செதுக்கிய நுண்கீற்றுகளால்தான் காட்டியது. வடமேற்கிலிருந்து வெயில் அடிப்பதுபோல ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் நிழல். பார்க்க அழகுதான், ஆனால் ஓர் இடத்தின் உயரத்தைக் கீற்றுகளை வைத்துச் சொல்ல முடியாது.

1870-இல் வெளிவரத் தொடங்கிய சீக்ஃப்ரீட் வரைபடம் அந்தக் குறையைத் தீர்த்தது. ஆல்ப்ஸ் பகுதிக்கு 1:50,000 அளவு. 30 மீட்டர் உயரத்துக்கு ஒரு கோடு. நிலத்துக்குப் பழுப்பு, நீருக்கு நீலம், எழுத்துக்குக் கறுப்பு.

ரோன் ஆற்றின் மேல் பள்ளத்தாக்கைக் காட்டும் தாளை எடுத்துக்கொள்வோம். கோடுகள் நெருங்கினால் செங்குத்துச் சரிவு. விலகினால் ஊரும் புல்வெளியும் அமைந்த சமதரை. ஓடையைக் கடக்கும் இடத்தில் கோடு ஆப்பு வடிவில் மடங்கும். ஆப்பின் முனை, தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் பார்க்கும். எந்தக் குறியும் இல்லாமலே ஓட்டத்தின் திசையைச் சொல்லிவிடலாம்.

அதே பள்ளத்தாக்கின் மேல்முனையில், 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் கிளெட்ச் பள்ளத்தாக்கின் அடிவரை இறங்கியிருந்த ரோன் பனியாறு, இன்று பாறைப் படிக்கு மேலே பின்வாங்கிவிட்டது. சுவிஸ் நில அளவைத் துறை சீக்ஃப்ரீட் வரைபடத்தின் பழைய தாள்களை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. கிளெட்ச் பகுதியின் பழைய தாளையும் புதிய தாளையும் வாசகர்கள் அருகருகே வைத்து இந்த மாற்றத்தைப் பார்க்கலாம்.