சுவரில் ஓதம்... தரையில் ஷீட் விரித்தால் போதுமா?

மழைக்காலம் வந்தால் உங்கள் வீட்டுச் சுவரின் அடிப்பகுதி இரண்டு, மூன்று அடி உயரத்துக்குக் கருத்துப்போகிறதா? பெயிண்ட் செதில் செதிலாக உரிந்து, வெள்ளையாக உப்புப் பூக்கிறதா? 'பழைய வீடுன்னா அப்படித்தான்' என்று பீரோவை இழுத்து மறைத்துவிடாதீர்கள். அந்த பீரோவுக்குப் பின்னால்தான் பூஞ்சணம் சௌகரியமாக வளரும். ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீடுகளில் இருமல், மூச்சிரைப்பு, ஆஸ்துமா போன்ற தொல்லைகள் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-ல் வெளியிட்ட வழிகாட்டி நூல் சொல்கிறது. குழந்தைக்கு அடிக்கடி வீசிங் வந்தால், டாக்டரிடம் காட்டுவதோடு சுவரையும் ஒரு பார்வை பாருங்கள்.

மண்ணில் உள்ள ஈரம், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி செங்கல்லுக்குள் ஏறும். அதைத் தடுக்கத்தான் பேஸ்மட்டத்தின் மேல், சுவரின் முழு அகலத்துக்கும் ஒன்றரை அங்குல கான்கிரீட் போட்டு, மேலே தார் பூசுவார்கள். இன்ஜினீயர்கள் இதை 'டி.பி.சி.' என்பார்கள்.

இப்போது தரையைப் பெயர்த்து டைல்ஸ் போடப் போகிறீர்கள். கொத்தனார், 'கவலைப்படாதீங்க, கீழே பாலிதீன் ஷீட் விரிச்சுடறேன்' என்கிறார். நல்லதுதான். ஆனால் ஷீட்டை எங்கே முடிக்கிறார் என்று பாருங்கள். பெரும்பாலும் சுவர் ஓரத்தோடு பிளேடால் அறுத்துவிடுவார்கள். கோளாறே அங்கேதான். தரையில் உள்ள தடுப்பும் சுவரில் உள்ள தடுப்பும் ஒன்றையொன்று தொடாவிட்டால், நடுவில் உள்ள இடைவெளி வழியாக ஈரம் தாராளமாக உள்ளே வரும்.

முதலில் சுவர் ஓரத்தில் கொஞ்சம் பூச்சைக் கொத்தி, தார்க் கோடு எந்த உயரத்தில் இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். புதுத் தரை அதைவிடத் தாழ்வாக இருந்தால், ஷீட்டைச் சுவரோடு மேலே மடித்துக் கோடு வரை கொண்டு போக வேண்டும். பழைய தரையின் மேலேயே உயர்த்திப் போடுகிறீர்களா? அப்போது தரைக்குக் கீழே நிரப்பும் மண், தார்க் கோட்டுக்கு மேலே உள்ள சுவரைத் தொடும். ஈரம் பக்கவாட்டில் புகும். எனவே தடுப்பைச் சுவரோடு கீழே இறக்கிக் கோட்டைத் தொட வைக்க வேண்டும். இந்த இரண்டாவது விஷயத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

இணைப்புக்கு, பூச்சை நீக்கி, செங்கல்லைத் தூசி இல்லாமல் துடைத்து, ரப்பர் கலந்த தார்ப் பூச்சு அடிப்பது சுலபம். அது தார்க் கோட்டையும் மூட வேண்டும், ஷீட்டின் மேலும் ஆறு அங்குலம் ஏற வேண்டும். ஷீட் 250 மைக்ரானுக்குக் குறையக் கூடாது. அடியில் மணல் பரப்பினால் ஜல்லி குத்தாது. துண்டுகள் சேருமிடத்தில் ஆறு அங்குலம் மேலே ஏற்றி டேப் ஒட்டச் சொல்லுங்கள். கான்கிரீட் போடும்போது கூடவே நில்லுங்கள். ஒரு கடப்பாரைக் குத்து போதும், எல்லாம் வீண்.

தார்க் கோடே இல்லையா? மிகப் பழைய வீடுகளில் அப்படி உண்டு. சுவரில் வரிசையாகத் துளை போட்டு ஈரத்தடுப்பு ரசாயனம் செலுத்தும் முறை இருக்கிறது. இதற்கு இன்ஜினீயரின் யோசனை அவசியம். வெளியே தோட்டத்து மண்ணோ சிமென்ட் தரையோ கோட்டுக்கு மேலே ஏறியிருந்தால் அதையும் வெட்டி இறக்குங்கள். இல்லாவிட்டால் உள்ளே செய்ததெல்லாம் தண்டச் செலவு!

ஏற்கெனவே உள்ள பூஞ்சணத்தை உலர்ந்த பிரஷ்ஷால் தேய்க்காதீர்கள். தூள் பறந்து மூக்கில் ஏறும். மாஸ்க் கட்டி, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள். பிளீச்சிங் பவுடரையும் பாத்ரூம் ஆசிட்டையும் சேர்த்துவிடவே கூடாது. குளோரின் வாயு கிளம்பி மூச்சையே அடைத்துவிடும். ஆஸ்துமா உள்ளவர்கள் அந்த அறைப் பக்கமே வர வேண்டாம்.

வேலை முடிந்த மறுநாளே எனாமல் பெயிண்ட் அடிக்காதீர்கள். ஒரு அங்குலச் சுவர் உலர ஒரு மாதம் என்பது உத்தேசக் கணக்கு. ஒன்பது அங்குலச் சுவருக்கு நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதுவரை சுண்ணாம்பு அடித்து, ஜன்னலைத் திறந்து வைத்து, கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு அடி தள்ளிப் போடுங்கள்.