பத்துபஸ்தியிலிருந்து ஒரு புதிர் வேட்டை

அந்தமானின் போர்ட் பிளேரில் உள்ள பத்துபஸ்தியில் எந்த வீட்டுக்கு மெயின்லேண்டிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தாலும் கதை ஒன்றுதான். ஆட்டோ பிடித்து செல்லுலார் ஜெயிலுக்குப் போவார்கள், வாசலில் ஒரு செல்ஃபி, கார்பின்ஸ் கோவ் கடற்கரையில் இளநீர், சாயங்காலம் வீடு. என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் "பெரிய ஜெயிலு" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. இதற்கு நான் கண்ட மாற்று புதிர் வேட்டை. சுவிட்சர்லாந்தின் லூசெர்ன், பெர்ன் போன்ற பழைய நகரங்களில் இதைக் காசு வாங்கிக்கொண்டு நடத்துகிறார்கள். ஒரு புதிரை அவிழ்த்தால் அடுத்த இடம் தெரியும். அப்படியே நடந்து நடந்து ஊரையே பார்த்து முடித்துவிடலாம். ஸ்ரீ விஜயபுரம் என்று 2024இல் பெயர் மாறிய நம் போர்ட் பிளேரும் இதற்கு ஏற்ற ஊர்தான். பார்க்க வேண்டியவை கிட்டக் கிட்ட இருக்கின்றன, ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு கதை இருக்கிறது. செலவு பஸ் டிக்கெட்டும் ஜெயில் டிக்கெட்டும் பத்து உறைகளும்.

முதலில் நாள். சனிக்கிழமை வையுங்கள். பொதுவாகப் புதனன்று ராஸ் தீவு விடுமுறை, ஞாயிறன்று சாத்தம் மரமில் விடுமுறை, திங்களன்று மியூசியங்கள் விடுமுறை. இது மாறக்கூடும், முந்தின நாள் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். ஜெயிலில் மதிய இடைவேளை உண்டா என்பதையும் அப்போதே கேளுங்கள்.

அடுத்து நேரம். மெயின்லேண்ட் ஆட்கள் சொன்னாலும் நம்பாத விஷயம் இது. இந்திய நேரம் 82½ பாகை தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. நாம் இருப்பதோ ஏறக்குறைய 92¾ பாகையில். அதனால் சூரியன் நமக்கு நாற்பது நிமிடம் முந்தியே வந்து முந்தியே போய்விடுகிறது. டிசம்பரில் ஐந்து மணி தாண்டினால் இருட்டு. கடைசிப் புதிர் நாலு மணிக்குள் முடிய வேண்டும்; காலை எட்டரைக்கு எல்லோரும் மோகன்புரா பஸ் ஸ்டாண்டில் நிற்க வேண்டும். மே முதல் டிசம்பர் வரை எந்த நாளிலும் மழை கொட்டலாம், ஆகவே தாள்களை பிளாஸ்டிக் உறையில் போடுங்கள்.

குழுவுக்கு நாலு பேர். ஐந்து என்றால் ஒருவர் சும்மா வருவார். நாலு பேரில் ஒருவருக்குத் தமிழும் ஒருவருக்கு இந்தியும் வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஒருவர் ஐம்பது தாண்டியவராக இருந்தால் நல்லது. இங்கே வளரும் பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. மெயின்லேண்ட் சித்தப்பாவுக்கு நேர் எதிர்: பலகையில் உள்ள இந்தி புரியாது. ஒருவர் கையை ஒருவர் பிடித்தால்தான் நகர முடியும் என்று ஆகிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பாதை சுலபம். அபர்தீன் பஜார் மணிக்கூண்டு, அங்கிருந்து மேடேறி செல்லுலார் ஜெயில், பிறகு இறங்கி வாட்டர் ஸ்போர்ட்ஸ் காம்ப்ளெக்ஸ், கடலோரமாகவே மெரினா பார்க். ஏற்றத்தை வெயில் ஏறுவதற்கு முன் முடித்துவிடுங்கள். தலைகீழாகப் பாதை போட்டு, மதியம் ஒரு மணி வெயிலில் பாட்டியை ஜெயில் மேட்டில் ஏற்றுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு பாட்டி எந்தப் புதிரையும் அவிழ்க்க மாட்டார்.

இனி புதிர் எழுதுவது. எல்லோரும் சறுக்கும் இடம் இதுதான். முதல் முறை எழுதுபவர் அநேகமாக இப்படி எழுதுவார்: "செல்லுலார் ஜெயிலில் எத்தனை அறைகள்?" பையன் போனை எடுப்பான், 693 என்பான், ஜெயிலுக்குள் காலே வைக்காமல் அடுத்த இடத்துக்குக் கிளம்புவான். "நேதாஜி போர்ட் பிளேரில் கொடி ஏற்றிய தேதி என்ன?" என்பதும் அதே ரகம், 1943 டிசம்பர் 30 என்று பஸ்ஸில் உட்கார்ந்தபடியே சொல்லிவிடலாம். இவையெல்லாம் பள்ளிக்கூட விநாடி வினா, வேட்டை அல்ல. விதி ஒன்றே ஒன்று: அந்த இடத்தில் போய் நிற்காதவனுக்கு விடை கிடைக்கக் கூடாது. எழுதிய ஒவ்வொரு புதிரையும் போனில் தேடிப் பாருங்கள். விடை வந்தால் தாளைக் கிழித்துப் போடுங்கள்.

ஜெயிலையே எடுத்துக்கொள்வோம். 1896இல் தொடங்கி 1906இல் கட்டி முடித்தார்கள். நடுவில் ஒரு காவல் கோபுரம், அதிலிருந்து சக்கரத்தின் ஆரக்கால் போல ஏழு கட்டடங்கள். இன்று மூன்றுதான் மிச்சம். இதை வைத்து நான் கொடுக்கும் புதிர்: "கோபுரத்தின் உச்சியில் நின்று சுற்றிலும் பாருங்கள். இருக்கும் கைகளை எண்ணுங்கள். இல்லாத கைகள் எத்தனை என்பதே பூட்டின் முதல் எண்." கைகள் என்றால் கட்டடங்கள் என்று புரிய வேண்டும், மேலே ஏற வேண்டும், ஏழு என்பதைப் பலகையிலிருந்து படிக்க வேண்டும், கழிக்க வேண்டும். விடை 4. மேலே நிற்கும்போதே இடிந்த பக்கம் மருத்துவமனை இருப்பதைக் காண்பார்கள், ஏன் என்று கேட்பார்கள். 1941 ஜூன் மாத நிலநடுக்கம், ஜப்பானியர் காலம், விடுதலைக்குப் பிறகான இடிப்பு என்று மூன்று கதையும் அங்கேயே சொல்லிவிடலாம்.

இதைவிட எனக்குப் பிடித்த புதிர் ஒன்று உண்டு. "ஏதாவது ஓர் அறையின் கம்பிக் கதவுக்கு முதுகு காட்டி நில்லுங்கள். எதிர்க் கட்டடத்தில் அறைக் கதவுகள் தெரிந்தால் 8 எழுதுங்கள். வெறும் பின்சுவர் தெரிந்தால் 2 எழுதுங்கள்." விடை 2. ஒரு கட்டடத்தின் முகப்பு அடுத்த கட்டடத்தின் முதுகைப் பார்க்கும்படி வேண்டுமென்றே கட்டினார்கள். ஒரு கைதி இன்னொரு கைதியின் முகத்தைப் பார்த்துவிடக் கூடாது என்பதுதான் திட்டம். இதை வழிகாட்டி சொன்னால் தலையாட்டிவிட்டுப் போவார்கள். தாங்களே நின்று பார்த்து 2 என்று எழுதியவர்கள் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார்கள். கதவுத் தாழ்ப்பாளையும் பார்க்கச் சொல்லுங்கள்: கதவை விட்டுத் தள்ளிச் சுவரில் ஒரு குழிக்குள் இருக்கும், உள்ளே இருப்பவன் கம்பி வழியாகக் கையை நீட்டினாலும் எட்டாது. ஆனால் எட்டுகிறதா என்று பார்க்க உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும் விளையாட்டு வேண்டாம்.

விடை எதில் இருக்கிறது என்பதும் முக்கியம். கல்லில் வெட்டியது நிற்கும். பேனர், கடைப் பெயர், சுவர் பெயின்ட், மரத்தடி பெஞ்சு எதையும் நம்பாதீர்கள். போன மாதம் இருந்தது இந்த மாதம் இருக்காது. எழுதி வைத்த புதிரை நடத்துவதற்கு முந்தின வாரம் நீங்களே ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும். பிறகு இந்த ஊரையே பார்த்திராத ஒருவரிடம் கொடுத்துச் சோதியுங்கள். பக்கத்து வீட்டுக்கு மதுரையிலிருந்து வந்திருக்கும் பெரியம்மா போதும். அவர் மாட்டிக்கொண்டால் புதிர் கடினம் என்று நினைத்து எளிதாக்கப் பார்க்காதீர்கள். பெரும்பாலும் உங்கள் வாக்கியம்தான் இரண்டு அர்த்தம் தருகிறது.

நம் ஊருக்கென்றே இன்னொரு கண்ணி இருக்கிறது: பெயர்கள். 2018 டிசம்பரில் ராஸ் தீவு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு ஆனது, ஹேவ்லாக் ஸ்வராஜ் தீவு ஆனது, நீல் ஷஹீத் தீவு ஆனது. 2021இல் மவுண்ட் ஹேரியட் மவுண்ட் மணிப்பூர் ஆனது. பலகையில் புதுப் பெயர், வாயில் பழைய பெயர், பழைய புத்தகத்தில் அதற்கும் முந்தைய பெயர். 1789இல் ஆர்ச்சிபால்ட் பிளேர் சாத்தமில் அமைத்த குடியிருப்புக்கு முதலில் போர்ட் கார்ன்வாலிஸ் என்று பெயர். குடியிருப்போடு அந்தப் பெயரும் பிறகு வடக்கே போய்விட்டது. ஆகவே இடப்பெயரின் எழுத்துகளை எண்ணி விடை காணும் புதிர் இங்கே எழுதவே கூடாது. ஒரு குழு ராஸ் என்று எண்ணும், இன்னொன்று நேதாஜி என்று எண்ணும், இரண்டும் சரிதான், சண்டைதான் மிச்சம்.

எழுத்துப் புதிர் வேண்டுமென்றால் நம் நெடுங்கணக்கே கைகொடுக்கும். பதினெட்டு மெய்க்கும் வரிசை எண், பன்னிரண்டு உயிருக்கும் வரிசை எண். க் 1, ங் 2, ச் 3 என்று போய் ன் 18இல் முடியும். அ 1, ஆ 2 என்று தொடங்கி ஔ 12. உயிர்மெய்க்கு இரண்டு எண்ணையும் எழுதுங்கள். தனி மெய்யாக இருந்தால் இரண்டாவது எண் 0, தனி உயிராக இருந்தால் முதல் எண் 0. "8-1, 2-0, 1-6, 12-1, 10-0" என்று கொடுத்தால் நங்கூரம். "0-1, 13-9" என்றால் அலை. அட்டவணையைக் கொடுக்காதீர்கள், குழுவில் தமிழ் படித்தவர் விரல் விட்டு எண்ணட்டும். ஒரே ஒரு எச்சரிக்கை: ஜெட்டி, ஸ்டேடியம், பஜார் இதில் அடங்காது. கிரந்த எழுத்து வராத சொல்லாகத் தேடுங்கள்.

இதோடு சேர்க்க அருமையான சரக்கு ஒன்று பர்ஸிலேயே இருக்கலாம்: பழைய சிவப்பு நிற 20 ரூபாய் நோட்டு. பின்பக்கத்தில் தென்னைகளும் கடலும் இருக்கிறதே, அது நம் ஊர்தான்; மவுண்ட் ஹேரியட் மலையிலிருந்து தெரியும் நார்த் பே காட்சி. 2019இல் வந்த புது நோட்டில் எல்லோரா வந்துவிட்டதால் சின்னப் பிள்ளைகள் இதைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். உறைக்குள் நோட்டை வைத்து, "மொழிப் பட்டியலில் நம் மொழி மேலிருந்து எத்தனையாவது?" என்று கேளுங்கள். 13. மெய் வரிசையில் 13 என்பது ல். அலையின் இரண்டாம் எழுத்திலுள்ள மெய் இப்படிக் கிடைக்கும். நோட்டை ஜெராக்ஸ் போடாதீர்கள், அது குற்றம். அசலையே வைத்துத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

உறைகளை எங்கே ஒளிப்பது என்று கேட்பார்கள். எங்கேயும் ஒளிக்காதீர்கள். ஜெயில் 1979 முதல் தேசிய நினைவிடம், அதன் செங்கல் இடுக்கில் காகிதம் செருகுவது அசிங்கம். அபர்தீன் பஜாரில் தமிழ்க்காரர் டீக்கடைகளுக்குப் பஞ்சமில்லை. "அண்ணே, நாலு உறை வெச்சுக்குங்க, பிள்ளைங்க வந்து 'அலை'னு சொன்னா ஒண்ணு குடுங்க" என்று சொல்லிவிட்டு முன்கூட்டியே டீக்குக் காசு கொடுத்துவிடுங்கள். சங்கேதச் சொல்லைச் சொல்லாமல் உறையைப் பிடுங்க வரும் குழுவை அண்ணன் கவனித்துக்கொள்வார்.

வாட்டர் ஸ்போர்ட்ஸ் காம்ப்ளெக்ஸில் அபர்தீன் போர் நினைவுச்சின்னம் இருக்கிறது. படகு டிக்கெட் வரிசையில் நிற்கும் கூட்டத்தில் பெரும்பாலோர் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. 1859 மே 17 அன்று அந்தமானியப் பழங்குடிகள் பிரிட்டிஷ் குடியேற்றத்தைத் தாக்கினார்கள்; அவர்களோடு வாழ்ந்திருந்த தூத்நாத் திவாரி என்ற தப்பியோடிய கைதி முன்கூட்டியே வெள்ளைக்காரர்களிடம் போய்ச் சொல்லிவிட்டான். கல்வெட்டை முழுக்க வாசித்தால்தான் விடை வரும்படி ஒரு புதிர் இங்கே கட்டாயம் வையுங்கள். கல்வெட்டை எதிரே வைத்துக்கொண்டு நீங்களே எழுதுங்கள். பழங்குடிகளை வேடிக்கைப் பொருளாக்கும் கேள்வி, வேஷம், கூச்சல் எதுவும் வேண்டாம்.

நேரமும் தெம்பும் இருந்தால் அங்கிருந்தே ராஸுக்குப் படகு ஏறலாம். சர்ச், பேக்கரி, சுவரை விழுங்கிய ஆல வேர்கள் என்று புதிருக்கு விருந்து. ஆனால் படகு திரும்பும் நேரம் உங்கள் புதிருக்காகக் காத்திராது. இரண்டு புதிருக்கு மேல் வைக்காதீர்கள். அங்குள்ள மான்கள் கையிலிருக்கும் காகிதத்துக்கும் மூக்கை நீட்டும். உறையைப் பைக்குள் வைக்கச் சொல்லுங்கள். கடற்படை இடங்களிலும் ஜெட்டிகளிலும் படம் எடுக்கத் தடை இருக்கும் என்பதால் "செல்ஃபி எடுத்து அனுப்பு" என்ற கட்டளையே என் வேட்டையில் கிடையாது.

மொத்தம் ஏழு புதிர். எட்டாவதில் சலிப்பு தட்டும். கிடைத்த எண்கள் ஓர் எண் பூட்டுக்கு, பூட்டு ஒரு தகரப் பெட்டிக்கு. பெட்டியை மெரினா பார்க்கில் வைக்காமல் பத்துபஸ்தி வீட்டிலேயே வையுங்கள். அப்போதுதான் திரும்பும் பஸ்ஸில் தூங்காமல் 4ஆ 3ஆ என்று வாதாடிக்கொண்டு வருவார்கள். பரிசு என்ன என்பது உங்கள் இஷ்டம். எங்கள் வீட்டில் மீன் பிரியாணியின் முதல் தட்டு.

வந்தவர்கள் இன்னொரு நாள் கேட்டால் சாத்தம் பாதையைத் தயார் செய்யுங்கள். 1883இல் தொடங்கிய மரமில், ஜப்பானியக் குண்டு விழுந்த பள்ளம், காட்டிலாகா மியூசியத்தில் சிவந்த படாக் மரம். அங்கிருந்து பம்பூ பிளாட்டுக்கு ஃபெர்ரி, பிறகு மவுண்ட் மணிப்பூர் மேலே அதே 20 ரூபாய் நோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, படத்தோடு காட்சி பொருந்தும் இடத்தைத் தேட வேண்டும். இதற்கு ஒரு முழு நாள் ஆகும். திரும்பி வரும் ஃபெர்ரியின் நேரத்தை ஏறும்போதே ஜெட்டியில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.